உப்புக் கை

தவசுப்பிள்ளை பலவேசம் மடத்துக்கு வந்தபோது அவருக்கு முன்னால் அவருடைய கோபம் வந்து சேர்ந்துவிட்டது. வாசலில் செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று துளசிச் செடிக்குள் போய் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்குச் சமைக்கிறவரைத் தவசுப்பிள்ளை என்பார்கள். பலவேசம் இருபத்தெட்டு வருஷமாகத் தவசுப்பிள்ளை. வயது ஐம்பத்தாறு. அவருக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்கிறார்கள். மீசையும் பெரிது, குரலும் பெரிது. ஆற்றங்கரை மடத்துப் பிரமநாயகி அம்மைக்கு முன்னால் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்.

அம்மைக்கு வயது முப்பத்தாறு. முன்பு தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக இருந்தவர். மகள் வயசுப் பெண்ணைப் போய் இந்த மனுஷன் குரு என்கிறாரே என்று ஊரில் சிரிப்பார்கள். அவர் காதுபடச் சிரிக்க யாருக்கும் தைரியம் கிடையாது.

“அம்மை, ஒரே ஒரு கேள்வி. என் தொழில் ஏன் வளர மாட்டேங்கு?”

அம்மை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை தோறும் மடத்தில் நாற்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு உண்டு.

“முதல்ல உட்காருங்க அண்ணாச்சி.”

“உட்கார நேரமில்ல. சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஞானதிரவியத்துக்குப் பதில் சொல்லியாகணும்.”

ஞானதிரவியம் கல்யாண மண்டபத்து முதலாளி. அவருடைய மண்டபத்தில் இருபது வருஷமாகப் பலவேசத்தின் சமையல்தான். இப்போது அவர் இன்னும் இரண்டு மண்டபம் கட்டிவிட்டார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பழையது, அந்தப் பக்கம் ஒன்று, பைபாஸில் ஒன்று. ஆவணி முகூர்த்தத்திலிருந்து மூன்றுக்கும் ஒரே ஆள்தான் சமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பலவேசத்தால் முடியாது என்றால் மதுரையிலிருந்து ஒரு கோஷ்டி தயாராக இருக்கிறது. அவர்கள் வந்தால் பழைய மண்டபமும் கையை விட்டுப் போகும். முப்பது பேரும் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

“மூணையும் எடுத்துக்கிட வேண்டியதுதானே?” என்றார் அம்மை.

“எப்படி எடுக்க? ரெண்டு மண்டபத்துக்கே ஞாயித்துக்கிழமை மானம் போச்சு! எல்லாம் அந்த வடிவால வந்தது.”

வடிவு என்கிற சங்கரவடிவு பன்னிரண்டு வருஷமாக அவரிடம் வேலை பார்த்தவள். காய் நறுக்க வந்து, குழம்பு கூட்டப் பழகி, அவருக்கு அடுத்த ஆள் என்று ஆனவள்.

“அவ என்ன செய்தா?”

“ஒண்ணும் செய்யல. அதுதான் கேடு!”

பலவேசத்தின் சமையல் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. யார் வேண்டுமானாலும் காய் வேகவைக்கலாம், புளி கரைக்கலாம், தாளிக்கலாம். உப்பு மட்டும் அவர் கையிலிருந்துதான் விழ வேண்டும். அவருடைய அப்பா கண்ணை மூடுகிறதற்கு முந்தின வாரம் மகனுடைய உள்ளங்கையில் கல் உப்பை அள்ளி வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்து, “இதுதாம்ல நம்ம சொத்து” என்றாராம். அன்றிலிருந்து அந்தக் கைக்கு உப்புக் கை என்று பேர். “அண்ணாச்சி, உப்பு எவ்வளவு?” என்று யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் கரண்டி பறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மண்டபத்தில் கல்யாணம். ஒன்றில் உப்பைப் போட்டுவிட்டு அடுத்ததுக்கு ஆட்டோவில் கிளம்பினார். நடுவில் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். ஒரு கூட்ஸ் வண்டி, அதற்குப் பின்னால் ஒரு எக்ஸ்பிரஸ். இருபத்தைந்து நிமிஷம் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து ரயிலைத் திட்டினார், கேட் கீப்பரைத் திட்டினார், ஆட்டோக்காரரையும் விட்டுவைக்கவில்லை. அங்கே பந்தியில் இலை போட்டாயிற்று. சோறு விழுந்தாயிற்று. சாம்பார் மட்டும் உப்பில்லாமல் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து கையை உதறிவிட்டுப் போனார்.

“ஒரு பிடி அள்ளிப் போட வேண்டியதுதானே? கல்லு மாதிரி நிக்கா! கேட்டா, ‘நீங்கதானே தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க’ன்னு எங்கிட்டயே பேசுதா. வந்த ஆத்திரத்துல எல்லாருக்கும் முன்னால வச்சுக் கிழிகிழின்னு கிழிச்சேன். ‘இனிமே என் அடுப்புப் பக்கம் வராதே’ன்னுட்டேன். அவளும் இடுப்புத் துண்டை அவுத்து வச்சுட்டுப் போயிட்டா.”

அம்மையின் அரிவாள்மணையில் சத்தம் நின்றது.

“பன்னெண்டு வருஷம் கூட நின்னவள, ஊரே பார்க்கத் துரத்திட்டீங்க.”

“பின்ன கொஞ்சவா செய்வாங்க?”

பலவேசத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

“ஆமா, பலவேசம்தான் பேசுதேன்… எத்தனை இலை? இருபத்தஞ்சா? வளைகாப்புக்கு நீங்க ஓட்டல்லயே பொட்டலம் வாங்கிக்கோங்க. நூறு இலைக்குக் கொறஞ்சா நான் அடுப்பு பத்த வைக்கிறதில்ல.” போனைப் பைக்குள் திணித்தார். “நேரங்கெட்ட நேரத்துல இவங்க தொல்லை வேற.”

“தினமும் வருமா?”

“ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. பதினாறாம் நாள்னு ஒருத்தன், பொண்ணு பார்க்க வாராங்கன்னு ஒருத்தன். எல்லாம் இருபது இலை, முப்பது இலை. திட்டித் திட்டி எனக்குத் தொண்டைதான் காயுது.”

“சரி. இன்னைக்கு மடத்துச் சாம்பார் நீங்க வைங்க” என்றார் அம்மை.

“அம்மை, நான் கேட்டதுக்குப் பதில்…”

“சாம்பார் வைங்க.”

குரு சொல்லிவிட்டாரே என்று பலவேசம் அடுப்படிக்குப் போனார். முனகிக்கொண்டேதான் பருப்பைக் கடைந்தார். ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் அந்த மனுஷன் மனுஷன்தான். அரைமணி நேரத்தில் மடம் முழுக்க வாசம் ஏறிவிட்டது. காய் வெந்தது. உப்புச் சட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். கை பாத்திரத்துக்கு மேலே போன நேரத்தில் அம்மை அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“இதுல போடுங்க.”

அம்மையின் இன்னொரு கையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது.

“என்ன அம்மை இது விளையாட்டு?”

“கையைத் திறங்க!”

அம்மை குரலை உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. பிடி தானாகத் திறந்தது. டம்ளரில் உப்பு பாதிக்குச் சற்று மேலே நின்றது. அம்மை வெளிப்பக்கம் அந்த அளவில் குங்குமத்தால் ஒரு கோடு இழுத்தார். உப்பை மறுபடி உப்புச் சட்டியிலேயே கொட்டினார்.

“இன்னொரு பிடி.”

கோட்டில் நின்றது.

“இன்னொரு பிடி.”

அதே கோடு. நாலாவது தடவை பலவேசம் வேண்டுமென்றே கையைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார். விரல்களுக்கு அந்தத் தந்திரம் தெரியவில்லை. உப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் அவர், அதற்கு முன்னால் நாற்பது வருஷம் அவர் அப்பா. அத்தனையும் இந்த அஞ்சு விரல் உயர டம்ளருக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தது. யாரோ நடுத்தெருவில் வேட்டியை உருவியது மாதிரி இருந்தது அவருக்கு.

“இதுக்குத்தான் வரச் சொன்னீங்களா? என் அப்பா கையைக் கேலி பண்ணவா?”

“நான் வரச் சொல்லல. நீங்களா வந்தீங்க. குழம்புக்கு உப்புப் போடுங்க, ஆட்கள் வந்துட்டாங்க.”

அவர் டம்ளரைத் தள்ளிவிட்டுக் கையால் அள்ளி இரண்டு பிடி போட்டார்.

பந்தி நடக்கும்போது மறுபடியும் போன் அடித்தது. பந்திச் சத்தத்தில் காதில் விழாது என்று ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல்.

“பலவேசம் அண்ணாச்சியா? போன மாசம் எங்க அப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு முப்பது இலைக்குக் கேட்டேன். நீங்க முடியாதுன்னுட்டீங்க.”

“இப்பவும் முடியாது.”

“உங்களை வரச் சொல்லல அண்ணாச்சி. அன்னைக்கு வடிவு அக்காதான் வந்து செய்து கொடுத்தாங்க. சாம்பார் உங்க சாம்பாரேதான், ஒரு சொட்டு வித்தியாசம் இல்ல. இப்ப எங்க பக்கத்து வீட்டுல கேக்காங்க. அவங்க நம்பர் தொலைஞ்சு போச்சு. உங்ககிட்ட இருக்கும்லா?”

பலவேசம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவர் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

“துரோகி! எங்கிட்டச் சம்பளம் வாங்கிட்டே ஊர் ஊராப் போய் என் சாம்பாரை வச்சிருக்கா! பார்த்தீங்களா அம்மை?”

“நம்பரைக் கொடுத்தீங்களா?”

“என்னது?”

“அந்தப் பொண்ணு கேட்டாளே. நம்பரைக் கொடுத்தீங்களா?”

“அம்மை, நான் என் வயிறு எரியச் சொல்லிக்கிட்டிருக்கேன்…”

“அவ வீடு தெரியும்லா? போய் உங்க கண்ணாலயே பார்த்துட்டு வாங்க. இங்க நின்னு கத்துனா சாப்பிடுறவங்களுக்குத் தொண்டைல இறங்காது.”

வடிவின் வீடு பேட்டையில். பலவேசம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு இருக்கும். முற்றத்தில் இரண்டு கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வடிவும் இன்னும் மூன்று பெண்களும் வேலையாக இருந்தார்கள். சுவரோரமாக மூடி போட்ட டிபன் கேரியர்கள் பெரிது பெரிதாக வரிசையில் இருந்தன.

அவரைப் பார்த்ததும் மூன்று பெண்களும் எழுந்துவிட்டார்கள். வடிவு எழுந்திருக்கவில்லை.

“எத்தனை நாளா நடக்கு இது?” என்றார்.

“ரெண்டு வருஷமா. முகூர்த்தம் இல்லாத நாள்ல மட்டும். உங்க வேலைய ஒரு நாள் நான் விட்டதில்ல.”

“என் ஆளுங்களை எனக்குத் தெரியாம இழுத்துக்கிட்டே!”

“யாரு உங்க ஆளு? நீங்க போன்ல திட்டித் துரத்துனவங்க. அதுல ஒரு அம்மா அழுதுகிட்டே மண்டபத்துக்கு வந்தா. புருஷனோட பதினாறாம் நாளுக்கு இருபது பேருக்குச் சமைக்க ஆள் இல்லைன்னு. நீங்க உள்ள உப்புப் போட்டுக்கிட்டிருந்தீங்க. நான் வாரேன்னு சொன்னேன். அப்படி ஆரம்பிச்சது.”

பலவேசம் நேராக அடுப்புக்குப் போய்க் கரண்டியில் சாம்பாரை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார்.

அவருடைய சாம்பார். அவர் அப்பாவின் சாம்பார். புளியும் காரமும் ஒத்துப்போகலாம், சொல்லிக் கொடுத்தது அவர்தானே. ஆனால் உப்பு? உப்பும் அச்சாக நின்றது.

“இந்த அளவு உனக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?”

வடிவு பக்கத்துப் பையிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துத் தரையில் வைத்தாள். உள்ளே கத்தியால் ஒரு வட்டக் கீறல் இருந்தது.

“நீங்க அள்ளினதும் உப்புச் சட்டில எவ்வளவு குறையுதுன்னு பார்ப்பேன். மறுநாளும் பார்ப்பேன். கேட்டா கரண்டியால அடிப்பீங்க. பார்க்கிறதுக்கு அடிக்க முடியாதுல்லா? இந்தக் கீறல் வரைக்கும் வந்தா உங்க ஒரு பிடி.”

பலவேசம் உப்பு ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிச் சிரட்டைக்குள் போட்டார். கீறலில் போய் நின்றது.

“அப்ப ஞாயித்துக்கிழமை…”

“ஞாயித்துக்கிழமையும் இந்தச் சிரட்டை என் பையிலதான் இருந்துச்சு.” வடிவு இப்போதுதான் எழுந்தாள். அவள் குரல் உடைந்துகொண்டே மேலே ஏறியது. “நூறு பேர் இலைக்கு முன்னால உட்கார்ந்திருக்காங்க. எனக்கு அளவு தெரியும். என் கை அண்டா வரைக்கும் போச்சு. போட்டிருந்தா என்ன செய்திருப்பீங்க? ‘தொட்டுட்டா’ன்னு சொல்லித் துரத்தியிருப்பீங்க. போடல. ‘போடல’ன்னு சொல்லித் துரத்துனீங்க. நான் என்னதான் செய்யணும், சொல்லுங்க!”

எப்போதும் அவர் கத்துவார், மற்றவர்கள் நிற்பார்கள். இன்றைக்கு அவர் நின்றார்.

“ஞானதிரவியம் மூணு மண்டபத்தையும் எடுக்கச் சொல்லுதார்” என்றார். “இல்லைன்னா மதுரைக்காரனாம். நீ திரும்பி வா.”

“வர மாட்டேன்.”

“வடிவு…”

“பழையபடி உங்க மொகத்தப் பார்த்துக்கிட்டு நிக்க வர மாட்டேன். பைபாஸ் மண்டபத்தை முழுசா எங்கிட்ட விடுங்க. அடுப்பும் என் பொறுப்பு, ஆளும் என் பொறுப்பு, உப்பும் என் பொறுப்பு. நீங்க வந்து மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. அந்தச் சின்ன விசேஷத்து போனெல்லாம் திட்டாம எங்கிட்டத் தள்ளுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து செய்வோம். இதுக்குச் சரின்னா வாரேன். இல்லைன்னா எனக்கு இங்க வேலை இருக்கு, கேரியர் நாலு மணிக்குப் போகணும்.”

அவள் உட்கார்ந்து அப்பளத்தைப் பொரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பலவேசம் மடத்துக்குத் திரும்பியபோது நாலரை. அம்மை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் செருப்பை உதறவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வடிவு மேல் என்று நினைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. ரயில்வே கேட் மேல் போட்டுப் பார்த்தார், அதுவும் நிற்கவில்லை. அப்பா முகம் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு ஒரே ஒரு அடுப்பு, ஒரே ஒரு மண்டபம்.

“என்னைய விட அவளுக்குத் திமிரு” என்றார்.

“சாம்பார் எப்படி இருந்துச்சு?”

“…என் சாம்பார்தான்.”

“கேரியர் எத்தனை இருந்துச்சு?”

“எண்ணல. நெறைய.”

“அவ சொன்னதுக்கு என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. என்ன சொல்ல? கேக்கது நியாயமா இருக்கு. அதனாலதான் எரியுது.”

அம்மை கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தார். போன் அடித்தது. ஞானதிரவியம். மணி ஐந்துகூட ஆகவில்லை, மதுரைக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள் போலிருக்கிறது. பலவேசம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மையைப் பார்த்தார். அம்மை அடுத்த பாத்திரத்தைத் தேய்த்தார். அந்த மனுஷனுக்கு இப்படி ஒரு உதவியும் செய்யாத குரு எதற்கு என்று இருந்தது.

எட்டாவது தடவை மணி அடித்தபோது எடுத்தார்.

“மொதலாளி, மூணும் நாங்களே எடுத்துக்கிடுதோம்… ஆமா, நாங்க. பைபாஸ் மண்டபத்துக்கு சங்கரவடிவு. அவதான் அங்க எல்லாம். எதுன்னாலும் அவகிட்டயே பேசிக்கோங்க… அந்தப் பக்கத்து மண்டபத்துக்கு எங்கிட்ட வேலை பார்க்கிற ஐயம்பெருமாள நிறுத்துதேன், பழைய மண்டபத்துக்கும் நம்ம ஆளுல ஒருத்தர்தான்… இல்ல மொதலாளி, நான் இல்லாமத்தான். ருசி மாறாது, உப்புக்கு அளவு இருக்கு. மாறினா என் மீசைய எடுத்துடுதேன்.”

போனை வைத்துவிட்டு அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்தார். வலது கையை விரித்துப் பார்த்தார். மூடினார். மறுபடியும் விரித்தார். அந்தக் கையை என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை. திடீரென்று கோபம் முழுசும் அம்மை பக்கம் திரும்பியது.

“உங்களுக்கென்ன, ஒரு டம்ளரைக் காட்டிட்டுப் போயிட்டீங்க! மூணு மண்டபத்துலயும் உப்பு வேற ஆள் கையில. வேகவைக்க ஆள் இருக்கு, தாளிக்க ஆள் இருக்கு. விசேஷ நாள்ல எனக்கு அங்க என்ன வேலை? நான் எந்த அடுப்புப் பக்கம் போய் நிக்க? அதையும் நீங்களே சொல்லுங்க!”

“அடுப்புப் பக்கம் நிக்க வேண்டாம். முதல் பந்தில போய் உட்காருங்க. இலைல விழுறது எப்படி இருக்குன்னு சாப்பிட்டுப் பாருங்க.”

“பந்திலயா? நானா?” பலவேசத்தின் குரல் மடத்துக் கூரையில் முட்டியது. “இருபத்தெட்டு வருஷத்துல ஒரு கல்யாணத்துலகூட நான் பந்தில உட்கார்ந்தது கிடையாது!”

அம்மை தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“தெரியுது அண்ணாச்சி.”